ஓய்வுக்காலம் எந்த ஊரில்?

சென்ற திங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் துணைவியாருடன் நம்மைக் காண வந்தார். சென்னை வீட்டை விற்றுவிட்டுக் கொடைக்கானலில் குடியேற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆவல். வீட்டின் விலை, வீட்டு வரி, வங்கி வட்டி யாவற்றையும் ஓர் ஏட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். "இங்கே முதியோர் வரியைப் பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்கின்றனர்" என்று அமெரிக்காவிலுள்ள மகன் சொன்னாராம். அம்மையார் ஒன்றும் பேசவில்லை.

மகன் சொன்னதில் உண்மை உண்டு. அமெரிக்காவில் நடுவண் அரசு மட்டுமன்றிப் பெரும்பாலான மாநிலங்களும் தனியே வருமான வரி வாங்குகின்றன. புளோரிடா, டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் அந்த வரி இல்லை. நம் நாட்டின் நிலையோ வேறு. ஓய்வூதியத்திற்கும் வட்டிக்கும் சென்னையில் எவ்வளவு வருமான வரியோ, கொடைக்கானலிலும் அவ்வளவே. அதுமட்டுமன்று, 2025 ஏப்ரல் முதல், புதிய வரிமுறையில், ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் வரை ஓய்வூதியமும் வட்டியும் பெறுவோர் வரி செலுத்த வேண்டியதில்லை. எனவே, ஊர் மாறுவதால் நடுத்தரக் குடும்பம் வருமான வரியில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

ஆனால், ஊர் மாறுவதற்கே ஒரு வரி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தமிழ்நாட்டில் வீடு வாங்குவோர் முத்திரைத் தீர்வையாக 7 விழுக்காடும் பதிவுக் கட்டணமாக 2 விழுக்காடும் செலுத்துகின்றனர். 50 இலட்சம் ரூபாய் வீட்டிற்கு இது நாலரை இலட்சம். பழைய வீட்டை விற்றுக் கிடைத்த ஆதாயத்திற்கும் வரி உண்டு. விற்ற நாளிலிருந்து ஈராண்டுக்குள் அந்த ஆதாயத்தைக் கொண்டு வேறு வீடு வாங்கினால் விலக்குக் கிடைக்கும். ஆயினும், ஊர் பிடிக்கவில்லை என்று அப்புதிய வீட்டை மூன்றாண்டுக்குள் விற்றால், முன்பு பெற்ற சலுகை வரிக்கணக்கில் திரும்பவும் வந்து சேரும். அவசரப்பட்டு வாங்கியவர் இருமுறை இழக்கிறார்.

இவற்றைக் கூறிவிட்டு, "அம்மா, தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"எனக்கு மூட்டுவலி; குளிர் ஆகாது. இவருக்கோ இருதய நோய். நள்ளிரவில் ஏதாவது என்றால் மலையிறங்கித்தானே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்? ஞாயிறு பூசையில் என்னைக் காணவில்லையென்றால் இங்கே நாலு பேர் வந்து கதவைத் தட்டுவார்கள். அங்கே யார் தட்டுவார்?" என்றார் அவர்.

ஆசிரியர் ஏட்டை மூடிவிட்டார். நாற்பது ஆண்டு உடன் வாழ்ந்தவரின் எண்ணத்திற்கு அந்த ஏட்டில் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை!

ஊர் மாறுவது தவறன்று. நெரிசலும் புகையும் நிறைந்த நகரைவிட்டு அமைதியான ஊரில் வாழ விரும்புவது இயல்பே. ஆனால், 2,100 மீட்டர் உயரத்திலுள்ள மலையூரைக் கோடை விடுமுறையில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாகாது. இருக்கும் வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு, புதிய ஊரில் ஓராண்டு வாடகைக்குக் குடியிருந்து பார்ப்பதே அறிவுடைமை. மழையும் பனியும் ஒரு சுற்று வந்து போகட்டும். மருத்துவமனை எவ்வளவு தொலைவு, காய்கறிக் கடைக்கு நடந்து போக முடியுமா, அண்டை அயலார் எத்தகையவர் என்பவை அதற்குள் தெளிவாகிவிடும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. கேட்கத் தயங்கினாலும் கேட்டே ஆக வேண்டும். இருவரில் ஒருவர் முந்திச் செல்வது உறுதி. எஞ்சியிருப்பவர் அந்த ஊரில் தனித்து வாழ இயலுமா? "இயலும்" என்று இருவரும் மனமொத்துச் சொல்லக்கூடிய ஊரே ஓய்வுக்கு ஏற்ற ஊர்.

ஆசிரியர் வீட்டை விற்கவில்லை. ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்க இருவரும் இசைந்துள்ளனர். புறப்படும் நாளை அம்மையாரே குறித்திருக்கிறார்: கோடையில் அன்று, மார்கழிக் குளிரில்!