முகூர்த்தத் தேதியைக் கேட்டபின் பூவைப் பேசுங்கள்

வெலிங்டன், குன்னூர் வட்டாரத்தில் பங்குனி, சித்திரைக் கல்யாணங்களுக்கு முன்பதிவு தொடங்கியதும் அலங்காரக்காரரிடம் முதலில் நீட்டப்படுவது கைபேசிப் படம்தான். படத்தில் பியோனி இருக்கும், டூலிப் இருக்கும். இரண்டும் இந்த மலையில் வியாபாரத்துக்கு விளைபவை அல்ல. விமானமேறி, சந்தை மாறி இங்கு வந்து சேர்வதற்குள் விலை கூடியிருக்கும், பூவின் ஆயுள் குறைந்திருக்கும். படத்துக்குத் தலையாட்டி முன்பணம் வாங்கியவர், முகூர்த்தத்துக்கு முதல்நாள் மாற்றுப் பூ தேடி அலைகிறார். வாடிக்கையாளரிடம் நாம் முதலில் கேட்கவேண்டியது தேதியை.

சுமார் ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கும் நமக்கு, உறைபனி விலகிய மாசிக் கடைசியிலிருந்துதான் வசந்தம். நீலகிரிப் பசுமைக்குடில்களின் கார்னேஷன், ஜெர்பரா, லில்லியம் ஆகிய கொய்மலர்களை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அந்தந்த மாதத்துப் பூவை அதன்மேல் சேர்ப்பதே நல்ல திட்டம். பங்குனியில் ஓடையோர ஈரத்தில் வளரும் வெள்ளைக் காலா லில்லி கைகொடுக்கும். ஹைட்ரேஞ்சா பந்து கட்டுவதற்குச் சித்திரை ஆகிவிடும். தேயிலைக்கு உகந்த நம் அமில மண்ணில் அது பெரும்பாலும் நீலமாகவே பூக்கும். இளஞ்சிவப்பு கேட்பவருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மல்லிகை கீழேயிருந்துதான் வரவேண்டும். தையில் பனியால் ஏறிய விலை, பங்குனியில் வரத்து கூடக்கூட இறங்கும். ஆனால் மலைக்குளிரில் மொட்டு மெதுவாகத்தான் விரியும். மாலை வரவேற்பில் மணக்கவேண்டிய சரத்தை மதியமே கதகதப்பான அறைக்கு மாற்றிவிடுங்கள்.

கையாளுவதிலும் கவனம் வேண்டும். வாசலில் கட்டும் வாழைத்தார் பழுக்கும்போது வெளிவரும் எத்திலீன் வாயு பட்டால், விரிந்த கார்னேஷன் இதழ் உள்நோக்கிச் சுருண்டுவிடும். கார்னேஷன் இருக்கும் வாளிகளைத் தாருக்குப் பக்கத்திலோ, பழக்கூடை இருக்கும் அறையிலோ வைக்கக் கூடாது. லில்லியம் விரியத் தொடங்கியதுமே மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடவேண்டும். அந்தப் பழுப்புத் தூள் பட்டுப்புடவையில் பட்டால் தண்ணீர் தொடாமல் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை நிலைத்துவிடும். வாடிய ஹைட்ரேஞ்சாவைத் தலையோடு தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

காட்டுக்குள் மாசி, பங்குனியில் சிவக்கும் காட்டுப்பூவரசு நமக்கான பூ அல்ல. சோலை ஓரத்து மரத்தில் கை வைக்கக் கூடாது. பச்சைக்குக் கற்பூர மர இலையும் சைப்ரஸ் கொப்பும் தோட்டக்காரர் அனுமதியோடு கிடைக்கும். பூ செருகும் பச்சை நிற ஃபோம் மக்காத பிளாஸ்டிக். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதற்குத் தடை விதித்தது. நம்மிடம் வாழைத்தண்டு இருக்கிறது, கோழிவலை இருக்கிறது. பிளாஸ்டிக் பூவால் விலையிழந்து நிற்கும் நம் கொய்மலர் விவசாயிகளை நினைத்தால், அந்தப் பூவை மேடையில் ஏற்ற நமக்கே மனம் வராது.

மே மாதத்தில் வண்டி விஷயம் தனி. ஊட்டி மலர்க்காட்சி, சிம்ஸ் பூங்கா பழக்காட்சி என்று கூட்டம் குவியும் காலம் அது. சீசனில் ஒருவழிப்பாதை வரும். வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறையும் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பூவை முதல்நாள் காலையே வரவழைத்துவிடுங்கள்.

தொழில் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்திலிருந்து உங்கள் மதிப்பீட்டுத் தாளில் ஒவ்வொரு பூவுக்கும் எதிரே அதே விலையில் கிடைக்கும் மாற்றுப் பூவையும் எழுதி, வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்குங்கள். முகூர்த்தக் காலையில் எழும் வாக்குவாதத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.