பனிக்காலத்து ட்ரவுட்

மார்கழி பிறந்துவிட்டால் மூணாறில் பேச்சே பனியைப் பற்றித்தான். செண்டுவாரையில் பூஜ்ஜியம் தொட்டது, லெட்சுமி எஸ்டேட்டில் கொழுந்து கருகியது என்று தினமும் செய்தி வரும். வெள்ளை பூத்த புல்வெளியைப் பார்க்க வண்டி வண்டியாக ஆட்கள் மலையேறுவார்கள். அதே குளிருக்காகக் காத்திருக்கும் இன்னொரு சிறு கூட்டமும் உண்டு, தூண்டில்காரர்கள். கோடையில் ஏரியின் ஆழத்துக்குப் போய் ஒதுங்கிக்கொள்ளும் ட்ரவுட், மேல்தண்ணீர் குளிர்ந்ததும் கரையோரத்துக்கு வந்துவிடும். படகு வேண்டியதில்லை, கரையில் நின்றே பிடிக்கலாம்.

பாலக்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதுசாக இருக்கும். மலம்புழாவிலும் பரம்பிக்குளத்திலும் நாம் பார்த்து வளர்ந்தது கட்லாவும் ரோகுவும் திலேப்பியாவும். அந்தத் தண்ணீரில் ட்ரவுட் ஒரு கோடையைக்கூடத் தாண்டாது. தண்ணீரின் சூடு 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் தவிப்பு. 25-க்கு மேல் பிழைப்பது அரிது. குளிர்ந்த தண்ணீரில்தான் ஆக்சிஜன் நிறையத் தங்கும், ட்ரவுட்டுக்கோ அது நிறைய வேண்டும். அதனால்தான் 2,695 மீட்டர் ஆனைமுடியைச் சுற்றிய மேட்டு நிலமும், வால்பாறைக்கு மேலே புல்மலையும், நீலகிரியின் அவலாஞ்சியும் இதற்கு வாய்த்த இடங்கள்.

இது நம்ம ஊர் மீன் கிடையாது. 1860-களில் டாக்டர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. 1900-களின் தொடக்கத்தில் எச்.சி. வில்சனின் முயற்சிதான் பலித்தது, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் எழுந்தது. இலங்கையின் நுவரெலியாவில் அதற்கு முன்பே வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ட்ரவுட்டை விட்டிருந்தார்கள். மூணாறில் ஹைரேஞ்ச் ஆங்லிங் அசோசியேஷன் என்று துரைமார்கள் சங்கம் வைத்து, ராஜமலையில் ஹேச்சரி நடத்தி, ஓடைகளிலும் ஏரிகளிலும் குஞ்சுகளை விட்டார்கள். பொழுதுபோக்கு துரைமார்களுடையது. அந்த மலையைத் தோட்டமாக்கிய உழைப்பு மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த தமிழர்களுடையது. மீன் வரலாற்றைச் சொல்லும் புத்தகங்கள் துரைமார்களின் பெயரோடு நின்றுவிடுகின்றன என்பது எனக்கு உறுத்தலான விஷயம்.

ஏனென்றால் இந்த மீனைப் பற்றி நான் கற்றதெல்லாம் ஒரு எஸ்டேட் வாட்சரிடம்தான். தேவிகுளம் பக்கத்து ஏரி ஒன்றில், அனுமதிச் சீட்டோடு விடியும் முன்பே தூண்டிலை வீசிக்கொண்டிருந்த என்னிடம், கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து சொன்னார்: "தம்பி, இப்ப எதுக்கு வீசுறீங்க? வெயிலு ஏறட்டும். தண்ணிக்குக் கொஞ்சம் சூடு ஏறுனாத்தான் மீனு வாயத் தொறக்கும்." உண்மைதான். மீனின் உடல் தண்ணீரோடு சேர்ந்து குளிர்கிற உடல். பனி விழுந்த காலையில் அதற்குச் செரிமானமும் மெதுவு, துரத்தும் வேகமும் குறைவு. பத்து மணிக்கு மேல் வெயில் படும் கரையில் ஆழம் குறைந்த தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி ஏறும், பூச்சிகள் எழும், மீனும் தேடி வரும். நடு ஏரியைப் பார்த்து வீசுவதைவிடக் கரையை ஒட்டி வீசுவதே நல்லது. ஸ்பின்னரோ ஃப்ளையோ, எந்தப் போலி இரையானாலும் தங்கூசியை அவசரமில்லாமல் சுற்ற வேண்டும். நிழல் தண்ணீரில் விழாமல் நிற்க வேண்டும். காலடி அதிர்வுகூட அதற்குத் தெரிந்துவிடும்.

கையில் எடுத்துப் பார்த்தால் ரெயின்போ ட்ரவுட்டின் அழகு தெரியும். விலாவில் செவுளிலிருந்து வால்வரை ஓடும் ரோஜா நிறப் பட்டை. முதுகிலும் வாலிலும் மிளகு தூவினாற்போல் கரும்புள்ளிகள். செதில் இருக்கிறதா என்று சந்தேகம் வருமளவுக்கு நுண்ணிய செதில். கையை நனைக்காமல் பிடித்தால் அதன் மேலுள்ள வழவழப்பு உரிந்துபோகும், பூஞ்சை பற்றும்.

பனிக்காலத்தில் பிடிபடும் பெண் மீனின் வயிறு பல சமயம் உப்பியிருக்கும். முட்டை. நம் மலைகளில் ட்ரவுட் முட்டையிடும் பருவமும் இதுவே. கரைத் தூண்டிலுக்குத் தோதான மாதங்களும் மீன் சினைப்படும் மாதங்களும் ஒன்றாக வந்து விழுகின்றன. எனக்கு இதில்தான் கவலை. கிலோவுக்குச் சுமார் 2,000 முட்டை வைக்கும் மீன் அது. ஏரிக்குள் ஓடை வந்து சேரும் வாயில் வந்து கூடி, மேல்நோக்கி ஏறி, ஓடும் தண்ணீரில் வாலால் கூழாங்கல்லைத் தோண்டி முட்டையிட்டு மூடும். தேங்கிய தண்ணீரில் முட்டை பிழைக்காது. வண்டல் படிந்து மூச்சு முட்டிவிடும். அதனால்தான் பெரும்பாலான ஏரிகளுக்கு ஹேச்சரி குஞ்சு தேவைப்படுகிறது. அங்கே வயிற்றை மெல்ல வருடி முட்டையைப் பிதுக்கி எடுத்து, ஆண் மீனின் விந்துப்பாலோடு கலந்து, தண்ணீர் ஓடும் தட்டில் பரப்புவார்கள். 10 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துப் பொரியும். பாதி நாளிலேயே ஆரஞ்சு மணிக்குள் இரண்டு கரும்புள்ளி தெரியும், அவை கண்கள்.

ட்ரவுட்டை ஓடைகளில் விடுவதை நான் ஏற்கவில்லை. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் ரெயின்போ ட்ரவுட்டையும் பிரவுன் ட்ரவுட்டையும் ஐ.யு.சி.என். சேர்த்திருக்கிறது. ஓடைப் பூச்சியையும் சிறுமீனையும் தலைப்பிரட்டையையும் அது தின்னும், நம் மலையோடைகளின் சொந்த மீன்களுக்கு அது ஆபத்து. மூணாறுப் பக்கத்து இரவிகுளம் 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. வரையாட்டுக்கு அங்கே கிடைத்த பாதுகாப்பு ஓடை மீனுக்கும் உரியது. ஆனால் வாய்க்கால் தடுக்கப்பட்ட எஸ்டேட் ஏரியில், ஹேச்சரிக் குஞ்சை மட்டும் விட்டு வளர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கரையில் நின்று தூண்டில் போடும் ஒருவர் தண்ணீரையும் பருவத்தையும் கற்றுக்கொள்கிறார், அது நல்ல விஷயம்.

அனுமதி கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசம்பரிலும் ஜனவரியிலும் ஓடைவாயிலிருந்து ஐம்பது மீட்டருக்குத் தூண்டிலைத் தடை செய்யுங்கள், புதிதாக எந்த ஓடையிலும் ட்ரவுட் விடாதீர்கள். தூண்டில்காரர்களுக்கு: முள்ளில்லாத கொக்கியைப் போடுங்கள், கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், வயிறு உப்பிய மீனை உடனே தண்ணீருக்கு விட்டுவிடுங்கள்.