கத்திரி வெயிலில் பூப்பவை

தை மாதம் நர்சரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பூவைப் பார்த்தே செடி வாங்குகிறார்கள். டேலியா, பெட்டூனியா, கொத்துக்கொத்தாக ரோஜா என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஆட்டோவில் ஏற்றி, மொட்டை மாடியில் வரிசையாக அடுக்கிப் படமும் எடுத்துவிடுவார்கள். மாசி வரை கொண்டாட்டம்தான். பங்குனியில் இலை ஓரம் கருகும். சித்திரை பிறக்கும்போது தொட்டியில் குச்சிதான் மிஞ்சும். "சென்னை வெயிலுக்கு எதுவும் தாங்காதுங்க" என்று தீர்ப்பு எழுதி, காலித் தொட்டிகளைத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒதுக்கிவிடுவார்கள்.

அதே சித்திரையில் செங்கல்பட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வேறொரு காட்சியைப் பார்க்கலாம். இரு பக்கமும் லாரிப் புகை, தார்ச் சாலையின் அனல், நடுவில் குறுகலான மண்பட்டை. அதில் அரளி சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் பூத்துத் தள்ளுகிறது. தண்ணீர் லாரி வந்தால் குடிக்கும், வராவிட்டால் காத்திருக்கும்.

பல ஆண்டு நின்று, வெயில் ஏற ஏறப் பூக்கும் செடிகள் நம் ஊரில் நிறைய உண்டு. அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, அடீனியம், இட்லிப்பூ, குண்டுமல்லி என்று பட்டியல் நீளும். இவற்றில் பலவற்றுக்கு வெயிலால் ஆபத்தில்லை. காலையும் மாலையும் தவறாமல் வாளியோடு வந்து நிற்கிறவரால்தான் ஆபத்து.

காகிதப்பூவை எடுத்துக்கொள்வோம். பிரேசில் நாட்டுச் செடி. 1767-இல் பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி உலகைச் சுற்றிவரும் பயணத்தில் ரியோ டி ஜெனிரோவில் தங்கியபோது, உடன் வந்த தாவரவியலாளர் ஃபிலிபேர் கொமெர்சோன் இதைச் சேகரித்தார். அவருடைய உதவியாளராக ஆண் வேடத்தில் வந்தவர் ஜான் பாரே என்ற பெண். உலகைச் சுற்றிவந்த முதல் பெண்ணாக இன்று அறியப்படுபவர் அவர்தான். செடிக்கு என்னவோ பயணத் தலைவரின் பெயரையே வைத்தார்கள்.

அந்தச் செடியில் நாம் பூ என்று நினைத்து ரசிப்பது பூவே அல்ல. அது நிறமேறிய இலை. மூன்று இலைகள் சேர்ந்த கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் குச்சி போல் வெளிறிய சின்னக் குழல்கள் தெரியும், அவைதான் பூ. மழைக்காலத்தில் காகிதப்பூ இலையும் முள்ளுமாக நீண்டு மதிலைத் தாண்டி ஓடும். பூ இருக்காது. மண் காய்ந்து, வெயில் ஏறி, வேருக்குக் கொஞ்சம் தவிப்பு வந்தால்தான் நிறம் கொட்டும். தொட்டியில் வைத்திருப்பவர்கள் பூ முடிந்ததும் கிளைகளைக் கவாத்து செய்து, புதுத் தளிர் வந்ததும் தண்ணீரைக் குறைக்கிறார்கள். இலை லேசாகத் தொங்கும்போது ஒரு முறை நன்றாக ஊற்றினால் போதும். யூரியாவைக் கொட்டினால் இலைதான் கிடைக்கும்.

அரளியின் சிக்கனம் வேறு வகை. இலை மூச்சுவிடும் துளைகள் அடிப்புறத்தில் சின்னச் சின்னக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. குழியின் வாயில் மயிரிழைகள் வேறு. அனல் காற்று நேராகத் துளையைத் தொடுவதில்லை, அதனால் ஈரம் எளிதில் வெளியேறுவதில்லை. சேலம் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் இதைத் தோட்டம் தோட்டமாகப் பயிரிட்டுக் கோயில் மாலைகளுக்கு அனுப்புகிறார்கள்.

ஆனால் அரளியின் வேர் முதல் பூ வரை எல்லாமே நஞ்சு, இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. கேரளத்தில் அரளி தின்றதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு மரணத்துக்குப் பிறகு, 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்கக் கூடாது என்று தடை விதித்தது. தவழும் குழந்தையும் கட்டிப்போட்ட ஆடும் இருக்கும் வீட்டுக்கு இந்தச் செடி வேண்டாம். மற்றவர்கள் வளர்த்தால், கவாத்து செய்த கையை நன்றாகக் கழுவ வேண்டும். வெட்டிய குச்சியை எரித்துப் புகையைச் சுவாசிக்கவும் கூடாது. அந்த நஞ்சையே உணவாக்கிக்கொள்ளும் பூச்சிகளும் உண்டு. அரளி இலைக்கடியில் வெள்ளி போலவோ தங்கம் போலவோ மின்னும் கூட்டுப்புழு தொங்கினால் தொடாமல் விடலாம். சில நாளில் பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று வெளியே வரும்.

சுடுகாட்டு மல்லி என்று பெயர் வைத்து நித்தியகல்யாணியை வீட்டுக்குள் விடாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த செடி, நடைபாதை வெடிப்பில்கூடத் தானாக முளைக்கும். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலைக் கஷாயம் குடிப்பதாகக் கேள்விப்பட்டுக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து அப்படித்தான் பிறந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிறிஸ்டினும் இதே செடியின் கொடைதான். டன் கணக்கில் இலையை உலர்த்தினாலும் கிராம் கணக்கில்தான் மருந்து கிடைக்கும். இத்தனை பெருமை உள்ள செடி, அடியில் தண்ணீர் தேங்கினால் ஒரே வாரத்தில் தண்டு கருத்துச் சாய்ந்துவிடும்.

அடீனியமும் அந்த ரகம்தான். கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட நிலத்துச் செடி. தண்ணீரை அடித்தண்டில் சேமித்துக் கொழுத்திருக்கும். விதையிலிருந்து வளர்ந்த கன்றுக்குத்தான் அந்தத் தொந்தி நன்றாக விழும், போத்து வைத்து வளர்த்ததற்குப் பெரும்பாலும் விழாது. அடுக்குப் பூவும் அரிய நிறமும் வேண்டுமென்றால் ஒட்டுச்செடி வாங்க வேண்டும். தொந்தியை விரலால் அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டும். சுருங்கியிருந்தால் தாகம், கொழகொழவென்றால் அழுகல். தாகத்துக்கு வைத்தியம் உண்டு. அழுகலுக்கு, கெட்ட பகுதியை முழுதும் வெட்டி, காயவைத்து, மறுபடி நட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

மாடியில் இன்னொரு சிக்கல், கான்கிரீட். பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் உமிழும் தளத்தின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை வைத்தால், வெயில் தாங்கும் செடியானாலும் வேர் வெந்துபோகும். தொட்டிக்கடியில் இரண்டு செங்கல், மண்ணின் மேல் காய்ந்த சருகோ தேங்காய் மட்டையோ, தண்ணீர் விடியற்காலையில் என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். மண்ணில் மணல் கூடுதலாக இருக்கட்டும். நர்சரியில் பச்சை வலைக்கடியில் வளர்ந்த செடியைக் கொண்டுவந்த அன்றே உச்சி வெயிலில் நிறுத்தினால் இலை வெந்துவிடும். ஒரு வாரம் காலை வெயில் மட்டும் காட்டிப் பழக்க வேண்டும்.

இந்தத் தண்ணீர்ச் சிக்கனத்துக்கெல்லாம் கட்டுப்படாதது குண்டுமல்லி. அதற்கு முழு வெயிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும், எருவும் வேண்டும். தங்கச்சிமடத்து மணலில் பதியன் போட்டு வளர்த்த கன்றுகள் மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏறிப் போகின்றன. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு மொத்தச் செடியையும் வெட்டிவிடுகிறார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் மல்லி புதுக் கிளையில்தான் மொட்டு வைக்கும் என்பதால், மார்ச்சிலிருந்து ஜூலை வரை கொட்டுவதெல்லாம் அந்த வெட்டின் பலன்தான். இடையில் மொட்டு ஊதா நிறமாகி உதிர்ந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். அந்த மொட்டுகளை உடனே கிள்ளி அப்புறப்படுத்த வேண்டும்.

மாடியில் மல்லி வளர்த்துக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. மார்கழியில் மாட்டுத்தாவணிச் சந்தையில் மல்லி கிலோ ஆயிரங்களில் விற்கும்போது மாடிச் செடியும் மொட்டையாகத்தான் நிற்கும். அது பூத்துத் தள்ளும் சித்திரை, வைகாசியில் சந்தையிலும் பூ குவிந்து விலை சரிந்திருக்கும். கார்த்திகையில் இந்தக் கணக்கைச் சொல்லி யாராவது கேலி செய்தால், சொல்கிறவர் சொல்லட்டும், கத்தரிக்கோலைக் கீழே வைக்க வேண்டாம்.