கடலுக்கடியில் கல் வீடுகள்

நமது கடலோரத்தில் சில வருஷங்களாக ஒரு நூதனமான கட்டட வேலை நடந்து வருகிறது. சிமெண்டினால் வார்த்துத் துவாரங்கள் விட்ட பெருங்கற்களைக் கடலில் இறக்கி, மீன்களுக்குச் செயற்கைப் பார்கள் அமைக்கிறார்கள். இதை வீண் வேடிக்கையென்று நினைப்பவர்கள் கரையோரத்து ஜனங்களைக் கேட்கட்டும். மரக்கிளைகளைக் கல்லோடு கட்டி ஆழ்த்தி, அங்கே கூடும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது அவர்களுடைய புராதன வழக்கம்.

தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவின் கதையைப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்குமாகப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தார்கள். 2001இல் சட்டம் பவளத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. வெட்டு நின்றதோ 2005 வாக்கில்தான். இதற்கிடையில் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. வான் தீவு 5 ஏக்கருக்கும் கீழே கரைந்தது. 2015 முதல் அதன் கடற்புறத்தில் செயற்கைக் கற்களை நிறுத்தினார்கள். அலையின் வேகம் தணிந்தது. மணல் சேரத் தொடங்கியது. கற்களிடையே மீன்களும் குடியேறின. சிமெண்டுக்காகப் பாறையை வெட்டிய கடலிலேயே இன்று சிமெண்டைக் கொண்டுபோய் வைக்கிறோம்!

இம்முயற்சியை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் ஒரு விஷயத்தைச் சர்க்கார் மறக்கலாகாது. மீனைக் கூட்டுவது வேறு, பெருக்குவது வேறு. பரந்து திரிந்த மீன்களை ஓரிடத்தில் சேர்த்துவிட்டு, அங்கே எவரும் எந்த வலையும் வீசலாமென்று விட்டால், நாம் கட்டியது வீடல்ல, பொறி. விசைப்படகுகள் கரையிலிருந்து குறித்த எல்லைக்குள் மீன் பிடிக்கலாகாதென்பது 1983ஆம் வருஷத்துச் சட்டத்தின் ஏற்பாடு. அந்த எல்லை எவ்வளவு மதிக்கப்படுகிறதென்பதை நாட்டுப்படகுக்காரர் அறிவர். இழுவலையைக் கிழிக்கும் கல், சட்டத்துக்கு நல்ல காவற்காரன்தான்; ஆனால் கல் வழக்குத் தொடுக்காது.

கையில் கிடைத்ததையெல்லாம் கடலில் போடுவதும் பார் ஆகாது. அமெரிக்காவில் புளோரிடாக் கரைக்கப்பால் 1972இல் ஏறக்குறைய 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டி இறக்கினார்கள். கட்டுகள் துருப்பிடித்து அறுந்தன. டயர்கள் உருண்டு இயற்கைப் பவளத்தையே நொறுக்கின. அவற்றைப் பொறுக்கியெடுக்கும் வேலை இந்நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

அதே தேசத்தில் நல்ல உதாரணமும் உண்டு. செசபீக் விரிகுடாவைச் சேர்ந்த ஹாரிஸ் ஓடையில் 2011 முதல் 2015 வரை சுமார் 350 ஏக்கரில் சிப்பிப் பார்களை மீண்டும் உண்டாக்கினார்கள். கல்லும் ஓடும் பரப்பி, சிப்பிக் குஞ்சுகளை விட்டார்கள். நன்கு வளர்ந்த சிப்பி ஒன்று, காலம் அனுகூலமாயிருப்பின், நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை நீரை வடிகட்டும். நீரைத் தெளிவிப்பது கல்லல்ல, கல்லில் வாழும் பிராணி. கரையிலிருந்து சாக்கடையைத் திறந்துவிட்டுக்கொண்டே சிப்பியிடம் சுத்தத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. 1961க்குப் பின் முத்துச் சலாபம் காணாத தூத்துக்குடிக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே, எத்தனை கற்கள் இறக்கப்பட்டன என்ற கணக்கோடு இலாகா திருப்தியடையலாகாது. இடத்தைக் குறிக்குமுன் அந்தந்தக் கிராமத்து மீனவர்களைக் கலந்துகொள்ள வேண்டும். பாரின்மேல் தூண்டில் மட்டுமே செல்லுமென்று விதித்து, அதைக் காக்கும் அதிகாரத்தில் அவர்களுக்கும் பங்களிக்க வேண்டும். வருஷந்தோறும் கரைசேர்ந்த மீனின் கணக்கைத் தமிழில் அச்சிட்டு அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த கல் இறங்குமுன் இவை நடக்கட்டும்.