குளிரில் சோதிக்கிறது நார்வே. வெயிலில் சோதிப்பது யார்?

தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலையை 2025 ஆகஸ்ட் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள். பின்னர் 1,50,000 வரை உயர்த்தத் திட்டம். முதலீடு, வேலைவாய்ப்பு குறித்தெல்லாம் நிறையப் பேசியாயிற்று. ஆனால், காரிலேயே விலை மிகுந்த பாகமான மின்கலம் இந்தக் கடற்கரையின் வெயிலையும் உப்பையும் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்ற கேள்வி போதிய அளவு எழவில்லை என்பதே என் எண்ணம்.

குளிர்நாடுகளில் இக்கேள்வி பழையது. 2024 ஜனவரியில் சிகாகோ கடுங்குளிரில் உறைந்தபோது, மின்னேற்று நிலையங்களில் கார்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. லித்தியம் மின்கலம் உறைநிலைக்குக் கீழே மின்னேற்றத்தை எளிதில் ஏற்பதில்லை. வற்புறுத்தி ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படிந்து கலத்தைக் கெடுத்துவிடும். ஆகவே முதலில் கலத்தைச் சூடாக்கிக்கொண்டு, பிறகே ஏற்ற வேண்டும். இது பழகிப்போன நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ 89 விழுக்காடு மின்கார்கள். அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கம், கார்களைக் கோடையில் ஒரு முறையும் குளிரில் ஒரு முறையும் சாலையில் ஓட்டிப் பார்த்து, நிறுவனம் சொன்ன தூரத்துக்கும் உண்மையில் ஓடிய தூரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பெயர் சொல்லி வெளியிடுகிறது.

குளிர் பறிக்கும் திறனில் பெரும்பகுதி, கலம் சூடானதும் திரும்பிவிடும். வெப்பம் பறிப்பது திரும்பாது. முழுமையாக மின்னேற்றி, மே மாத வெயிலில் நாள்தோறும் நிறுத்தப்படும் கார் ஓசையின்றித் தன் ஆயுளை இழக்கிறது. நமக்குக் காட்டப்படும் தூரமோ ஆய்வகத்தில் அளந்தது.

தருவைகுளத்தில் உப்பளத்தை ஒட்டி நிற்கும் இருசக்கர வாகனங்களின் சங்கிலியைப் பார்த்தாலே உப்புக்காற்றின் வேலை புரியும். மின்காரில் அது இணைப்பு முனைகளைத் தேடும். வெள்ளம் இன்னும் பெரிய கவலை. ‘ஐபி 67’ என விளம்பரத்தில் வரும் தரக்குறியீட்டின் பொருள், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதே. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் நீர் வடியவில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2022-ஆம் ஆண்டுப் புயலின்போது உப்புநீரில் மூழ்கிய மின்கார்கள் சில, நீர் வடிந்த பின்னர் தீப்பற்றின. வெள்ளச் சேதம் பொதுவாக நிறுவனத்தின் உத்தரவாதத்துக்குள் வருவதுமில்லை. கடன் வாங்கி மின் ஆட்டோ ஓட்டுபவருக்குக் கலம் போனால் பிழைப்பே போயிற்று.

ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆய்வு மையம் இருக்கிறது. அதன் பொறியாளர்கள், விற்பனையில் உள்ள மின்வாகனங்களை ஆண்டுக்கு இருமுறை தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்க்கட்டும்: அக்னி நட்சத்திர நாள்களில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒரு முறை. முடிவுகள் வாகனத்தின் பெயரோடு தமிழில் வெளிவர வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வாகனத்தை யார், எங்கே வைத்துச் சோதிப்பது என்பதை, அடுத்த மழைக்கு முன் மாவட்ட நிர்வாகம் அறிவிக்க வேண்டும்.