பட்டாசல் சுவரில் ஒரு கேலிச்சித்திரம்



ராதாபுரத்தில் ஆனி ஆடிக் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து, காவல்கிணற்றுக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, செம்மண்ணை வாரிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும். கடல் பக்கமிருந்து உப்பு வரும். அப்பா கண்ணாடி போட்டு மாட்டிய படங்களில் ஒன்றுகூட இன்று முழுசாக இல்லை. சட்டத்தைச் செல் அரித்தது. தாளை இராமபாணப் பூச்சி தின்றது. ஆணி துருவேறிச் சுவரில் கோடு இறங்கியதுதான் மிச்சம். இனிச் சுவரில் படமே வேண்டாம் என்று இருந்த நான், போன மாதம் நம் இதழ் அலுவலகப் பட்டாசலில், அதாவது கூடத்தில், ஒரு படம் மாட்டினேன். அலுமினியத் தகட்டில் அச்சிட்ட பழைய கேலிச்சித்திரம் அது.

ஜேம்ஸ் கில்ரே என்ற ஆங்கிலேயர் 1805இல் வரைந்த படம். சாப்பாட்டு மேசை. இந்தப் பக்கம் ஒல்லியாக, நெடுநெடுவென்று இங்கிலாந்துப் பிரதமர் பிட். அந்தப் பக்கம் இறகு வைத்த பெரிய தொப்பிக்குள் குட்டியாக நெப்போலியன். நடுவே தட்டில் ஆவி பறக்கும் புட்டிங். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அது பூமி உருண்டை என்று தெரியும். நெப்போலியன் வாளால் ஐரோப்பாவை வெட்டி எடுக்கிறார். பிட் கையில் இருக்கும் முள்கரண்டிக்கு மூன்றே முனை, சூலாயுதம் மாதிரி. கடல் முழுக்க எனக்கு என்று அதை உருண்டையில் குத்தியிருக்கிறார்.

தபால் கொண்டுவரும் தம்பி இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்: “இதுல நம்ம ஊரு எங்க இருக்கு அண்ணாச்சி?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு உட்காரவைத்துச் சொன்னேன். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் வெள்ளையர் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அவருடைய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கியது 1801. அதே ஆண்டில் ஆற்காட்டு நவாபிடமிருந்து அவர் ஆட்சியிலிருந்த கர்நாடகப் பகுதி முழுவதையும் கிழக்கிந்தியக் கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டது. திருநெல்வேலிச் சீமையும் அதோடு போயிற்று. இந்தப் படம் வந்தபோது நம் துண்டை வெட்டி எடுத்து நாலு வருசம் ஆகியிருந்தது. தம்பி ஒன்றும் பேசவில்லை. தபால் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பவும் ஒரு தடவை அந்தப் படத்துக்குக் கிட்டப் போனார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. லண்டனில் அச்சான படத்தை மாட்டி, அதிலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் சீமைக்காரர் ஒருவர் கொண்டுவந்த கேலிச்சித்திரங்கள் இருக்கும்போது அவை ஏன் நம் சுவரில் இல்லை?

எட்டயபுரத்தில் பிறந்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதியைச் சொல்கிறேன். கவிஞர் பாரதியை எல்லா வீட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கிறோம், முண்டாசும் மீசையுமாக. பத்திரிகைக்காரர் பாரதியை மறந்துவிட்டோம். 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அரசியல் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்டு, தமிழ் இதழியலில் அதற்கு வழி திறந்தவர் அவர். எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்றால் படம்தான் கதி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படத்தோடு விளக்கமும் தந்தார். 1908இல் அவருடைய நண்பர் வ.உ.சி.யை வெள்ளையர் சிறையில் அடைத்தார்கள். ‘இந்தியா’வின் ஆசிரியராகப் பதிவாகியிருந்த எம். சீனிவாசனையும் கைது செய்தார்கள். பாரதி புதுச்சேரிக்குப் போனார், இதழும் போயிற்று. 1910இல் நின்றுபோகும்வரை அங்கிருந்தும் படங்கள் வந்தன. அந்தக் கருத்துப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்துத் தனி நூலாகவே தந்திருக்கிறார். இத்தனை இருந்தும் ஒரு பள்ளிக்கூடச் சுவரில், ஒரு நூலகத்தில் அவற்றில் ஒன்றை நான் பார்த்ததில்லை.

அவற்றையும் கில்ரே படம் போலத் தகட்டில் அச்சிட்டு மாட்டலாம். தகட்டு அச்சு என்றதும் பெரிய செப்படி வித்தை என்று நினைக்க வேண்டாம். தேநீர்க் கோப்பையில் போட்டோ போட்டுத் தருகிறார்களே, அந்த வேலைதான். படத்தை முதலில் ஒரு தாளில் சாய மையால் அச்சிடுவார்கள். பூச்சுப் பூசிய தகட்டின் மேல் அந்தத் தாளைக் கவிழ்த்து, ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் அழுத்துவார்கள். சூட்டில் சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். ஈரத்துணியால் துடைக்கலாம், செல்லுக்கும் பூச்சிக்கும் அதில் தின்ன ஒன்றுமில்லை. பழைய கோட்டோவியத்துக்குப் பளபளப்புத் தகடு சரிவராது, ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். வெள்ளைப் பூச்சிட்ட மங்கலான தகடாகக் கேளுங்கள். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம், நாளடைவில் சாயம் வெளுக்கும். நம் பக்கத்து உப்புக்குத் துருப்பிடிக்காத ஆணியே போடுங்கள். தகட்டின் வெட்டு ஓரத்தையும் அவ்வப்போது துடையுங்கள்.

உலோகம் இந்தப் படங்களுக்குப் புதிதும் அல்ல. கில்ரே செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்துத்தான் தன் படங்களை அச்சுக்குக் கொடுத்தார். நம் ஊர் அச்சகங்களிலும் எழுத்துக் கோத்த காலத்தில் கோட்டோவியத்துக்குத் துத்தநாக ‘பிளாக்’தான். மரக்கட்டையில் அறைந்த அந்தப் பிளாக்கைக் கையில் வாங்கியவர்களுக்கு அதன் கனம் இன்னும் நினைவிருக்கும்.

அவசியம் ஒன்று செய்யுங்கள். படத்துக்குக் கீழே நான்கு வரி எழுதி வையுங்கள்: எந்த ஆண்டு, யார் யாரைக் கேலி செய்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார். விலைக்கு ஓர் உதாரணம்: 1987இல் அட்டையில் போட்ட ஒரு நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. அப்போது அவைத் தலைவர் நம் மாவட்டத்து பி. எச். பாண்டியன். சில நாட்களில் விடுதலையான ஆசிரியர், நீதிமன்றத்துக்குப் போய் வென்றார். இழப்பீடாகக் கிடைத்த 1,000 ரூபாயைச் செலவழிக்கவில்லை, சட்டம் போட்டு அலுவலகத்தில் வைத்துக்கொண்டார்.

கில்ரேவுக்கு எதிர்ச்சுவரில் இரண்டு துளை போட்டுவிட்டோம். ‘இந்தியா’வின் பக்கம் ஒன்று அடுத்த மாதம் அங்கே ஏறுகிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய இதழ்கள் கிடந்தால், செல் முந்திக்கொள்வதற்குள் இறக்கிப் பாருங்கள். கேலிச்சித்திரம் இருக்கும் பக்கத்தைக் கிழிக்காமல், பகல் வெளிச்சத்தில் நேராகப் படமெடுத்து, இதழின் பெயரும் தேதியும் எழுதி எனக்கு அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்