வாசலோடு நின்றுவிடும் உதவி

நாட்டுப் பணியில் காலிழந்த முன்னாள் இராணுவ வீரருக்குச் சக்கர நாற்காலி கிடைக்கிறது. ஆனால், வீட்டு வாசற்படி அதனைத் தடுத்துவிடுகிறது. குளியலறைக் கதவும் குறுகலாக இருந்தால், அவர் சொந்த வீட்டிலேயே பிறர் கையை எதிர்பார்த்து வாழ வேண்டியுள்ளது. ஆகவே, வீட்டைச் சீரமைக்கும் செலவையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

மலாக்கா மாநிலத்தில் இதன் தேவையை எளிதில் உணரலாம். சுங்கை ஊடாங்கில் தெராண்டாக் இராணுவ முகாம் உள்ளது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் உள்ளன. காயமுற்ற இராணுவ வீரர் முன்னாள் படைவீரர் விவகாரத் துறையை நாடுகிறார். வேலையிடத்தில் விபத்துக்குள்ளான தோட்டத் தொழிலாளி பெர்கேசோவை நாடுகிறார். 2014ஆம் ஆண்டு முதல் மலாக்காவில் இயங்கும் பெர்கேசோ துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் அத்தகையோருக்குப் பயிற்சி அளிக்கிறது. இவ்விரு பாதுகாப்பும் இல்லாத மாற்றுத்திறனாளிகள் சமூக நலத் துறையில் பதிந்துகொண்டு உதவி கோருகின்றனர். அலுவலகங்கள் வேறு, ஆனால், வீடு திரும்பியதும் அனைவரும் எதிர்கொள்ளும் தடை ஒன்றே.

அத்தடையை நீக்குவது சிறு வேலையன்று. சாய்தளத்தின் நீளம் வாசல் உயரத்தைப் போல் 12 மடங்கு இருப்பது பாதுகாப்பானது. வாசல் 30 சென்டிமீட்டர் உயரம் என்றால், சாய்தளம் 3.6 மீட்டர் நீளம் வேண்டும். செலவுக்கு அஞ்சிச் செங்குத்தாகக் கட்டினால் நாற்காலியே கவிழ்ந்துவிடும். தோட்ட வீடு என்றால் மற்றொரு சிக்கலும் உண்டு. அது நிர்வாகத்திற்குச் சொந்தமானது. அதன் அனுமதியின்றிச் சுவரை இடிக்க இயலாது.

அரசாங்கத்திற்கு இது வீண் செலவு எனச் சிலர் கூறலாம். அது சரியன்று. குளியலறையில் வழுக்கி விழுந்தவருக்கு மீண்டும் மருத்துவச் செலவு ஏற்படும். அவரைக் கவனிக்கக் குடும்பத்தில் ஒருவர் வேலையையும் விட நேரிடும். ஒரு கைப்பிடிக் கம்பியின் விலை அதைவிட மிகக் குறைவு.

2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொதுக் கட்டடங்களைப் பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்கு வழங்குகிறது. அவ்வுரிமை வீட்டுக்குள்ளும் தொடர வேண்டும். நோயாளி மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன்பே அதிகாரிகள் அவரது வீட்டைப் பார்வையிட வேண்டும். எந்த அலுவலகத்தை நாடினாலும் ஒரே விண்ணப்பம் போதும் என்னும் நிலை வர வேண்டும். தோட்ட நிர்வாகங்களும் தயங்காமல் அனுமதி தர வேண்டும். ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். படிவம் நிரப்பத் தெரியாத முதியவருக்கு அண்டை வீட்டு மாணவர் உதவுவதும் அந்த வடத்தைப் பிடிப்பதற்கு ஒப்பாகும்.